சூரியன் மறைய ஒரு சட்டி மெந்தோவான்

கணினித் திரையில் செய்திப் பெட்டி ஏதாவது எழுந்தால் வெனிங் அதை உடனே மூடமாட்டாள். முதலில் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிடுவாள். கெட்டுப்போன நகல் தாள்களின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவி, வெற்றுப் பக்கத்தைத் திருப்பி, பெட்டியில் உள்ள ஆங்கில எழுத்துகளை ஒன்றுவிடாமல் பார்த்து எழுதுவாள். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துச் சரிபார்ப்பாள். தேதி போடுவாள். அதன் பிறகுதான் 'ஓகே'யை அழுத்துவாள். அந்த ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. இருபது வருடங்களாக இதைப் பார்த்து அலுத்துப்போனவர்கள் இந்தோனேசியாவின் பூர்வோகெர்த்தோ ஊரில் அந்தத் தெருவில் நிறையப் பேர்.

"அத அமுக்கிட்டு மேல போ, ம்பா. கம்ப்யூட்டர்னா பொலம்பிக்கிட்டுதான் இருக்கும்."

"என்ன பொலம்புதுன்னு தெரிஞ்சுக்க வேணாமா, பாக்?" என்பாள் வெனிங், தலையைத் தூக்காமல். அங்கே 'ம்பா' என்றால் அக்கா, 'பாக்' என்றால் ஐயா.

ஆரம்பப் பள்ளிக்கு எதிரே இருக்கும் அந்த நகல் கடை அவளுடைய அப்பா வைத்தது. அப்பாவுக்கு இடுப்பு விழுந்துபோனபோது அவள் எட்டாம் வகுப்பில் இருந்தாள். மறுநாளிலிருந்து கடைக்கு வந்துவிட்டாள். நகல் இயந்திரம் நின்றால் செமாரங்கிலிருந்து ஒருவர் வந்து பழுது பார்ப்பார். வெனிங் டார்ச் பிடிப்பாள். கேள்வி கேட்க அவளுக்குக் கூச்சம். அவர் எந்தத் திருகை முதலில் கழற்றினார், எதை இடது பக்கம் வைத்தார், எப்போது நாக்கைச் சப்புக்கொட்டினார் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். நான்காவது முறை இயந்திரம் நின்றபோது அவரைக் கூப்பிடவே இல்லை. கடைக்குக் கணினி வந்தபோதும் இதே வழிதான்.

எழுதிய தாள்கள் பிஸ்கட் டின்களில் இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் கீழே கொஞ்சம் இடம் விட்டிருப்பாள். ஒரு வாரம் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ வழி தெரியும்போது, பச்சை மையில் அதை அங்கே எழுதுவாள். தெருவில் யாருடைய பழைய கணினி ஓய்ந்துபோய்ப் புதிதாக ஒன்று வந்தாலும், பின்னாலேயே ஒரு கேள்வியும் வரும்: "இதுல பழைய கேம் ஓடலியே, ம்பா?" புதியவற்றில் பழைய ஆட்டங்களை ஓடவைப்பது அவளுடைய வேலையாக ஆனது அப்படித்தான்.

பள்ளி ஆசிரியை ஒருவர் கணக்கு ஆட்டக் குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்து, நகரத்துக் கடையில் இது செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டதாகக் கண் கலங்கினார். வெனிங் செய்தியை எழுதிக்கொண்டாள். டின்னில் அதே செய்தி இன்னொரு தாளில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தகட்டைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"கேம் நல்லாத்தான் இருக்கு, பு. அதத் தூக்கிட்டு உள்ள போற கூலியாள்தான் ரொம்ப பழைய ஆளு. புது வீட்டுக்காரங்க அவன வாசல்லயே நிறுத்திடுறாங்க. அவன் வேணாம். நாமளே தூக்கி வச்சுடலாம்."

கோப்புகளைக் கையாலேயே நகலெடுத்து உள்ளே வைத்தாள். ஆட்டம் ஓடியது. ஆசிரியை கொண்டுவந்து கொடுத்த சலக் பழங்களைக் கடைக்கு வந்த எல்லோருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, ஏன் என்று கேட்டவர்களிடம் "சும்மா" என்றாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் 2022 ஆகஸ்ட் மாதத்தில் பாக் ஆர்.டி. வந்து நின்றார்.

பாக் ஆர்.டி. தெருத் தலைவர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். ஆகஸ்ட் பதினேழு சுதந்திர நாள் போட்டிகளை நடத்துவது அவருடைய பொறுப்பு. கயிற்றில் தொங்கும் அப்பளம் கடிப்பது, சாக்குக்குள் கால் விட்டு ஓடுவது, கிரீஸ் தடவிய பாக்கு மரம் ஏறுவது என்று எல்லாத் தெருவிலும் இருப்பவைதான். ஆனால் இந்தத் தெருவில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. தெரு மன்றத்துக் கணினியில், ஆங்கோட் என்ற சிற்றுந்தை ஓட்டும் ஆட்டப் போட்டி.

அந்த ஆட்டத்தை எழுதியவன் இதே தெருவின் தெகூ. 1999இல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது எழுதினான். பேருந்து நிலையத்திலிருந்து பாசார் வாகே வழியாக பத்துராடென் மலை வரை, பச்சை நிற ஆங்கோட் வண்டியை ஓட்டி ஆட்களை ஏற்றி இறக்க வேண்டும். கீரைக்காரி ஏறினால் கூடைகளோடு இரண்டு இடம் பிடிப்பாள். பள்ளிப் பிள்ளைகள் தொங்கிக்கொண்டு வருவார்கள். நிறுத்தாமல் போனால் காத்திருப்பவர் கை ஓங்குவார். நண்பகலில் மசூதி முரசு ஒலிக்கும். சூரியன் மறையும்போது மறுபடி ஒலிக்கும், ஆட்டம் முடியும். அதற்குள் அதிகம் பேரை இறக்கியவர் வெற்றியாளர். தெகூ பதாம் தீவுக்கு வேலைக்குப் போய் இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆட்டம் மட்டும் மன்றத்தில் இருந்தது.

ஒவ்வொரு வருடமும் வெல்பவள், எல்லோரும் 'யூ', அதாவது அக்கா, என்று கூப்பிடும் யூ துமிரா. மெந்தோவான் என்ற பலகாரம் விற்பவள். மாவில் தோய்த்த மெல்லிய சோயாத் தெம்பேயை, மொறுமொறுப்பாவதற்கு முன்பே எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டும், அதில் அவள் கை தவறியதே இல்லை. ஒவ்வொரு வருடமும் இரண்டாவது வருபவர் காங் ராஸ்வான்; 'காங்' என்றால் அண்ணன். அந்தத் தடத்திலேயே பதினெட்டு வருடம் நிஜ ஆங்கோட் ஓட்டியவர். பத்துராடென் வளைவில் லாரி மோதி வலது காலைத் தொடைக்குக் கீழே இழந்தவர். அப்பளம் கட்டுகிற இடத்திலும் சாக்கு ஓட்டத்திலும் அவருக்கு மேசைக்குப் பின்னால் பரிசுப் பொட்டலம் எடுத்துக் கொடுக்கிற வேலைதான். வருடத்தில் ஒரே ஒரு போட்டியில்தான் அவருடைய பெயர் பலகையில் ஏறும்.

கொரோனாவால் இரண்டு வருடம் போட்டி இல்லை. அந்த இடைவெளியில் மன்றத்துக்கு ஒரு புதிய மடிக்கணினி நன்கொடையாக வந்துவிட்டது.

"எல்லாத்தையும் நானே மாத்திட்டேன், ம்பா வெனிங்" என்று பாக் ஆர்.டி. பென்டிரைவ் ஒன்றைப் பெருமையோடு நீட்டினார். "ஆங்கோட் கேமையும் இதுல ஏத்திட்டேன். ரெண்டே நொடி! ஆனா புதுசுல தட்டினா தொறக்க மாட்டேங்குது."

வெனிங் அதைச் செருகிப் பார்த்தாள். பச்சை வண்டிப் படம் ஒன்று இருந்தது. இடது மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்பு.

"பழைய கம்ப்யூட்டர் எங்க, பாக்?"

"அதுவா? போன வாரம் லிக் தர்கும்கிட்ட எடைக்குப் போட்டாச்சு. எலி வேற கூடு கட்டியிருந்துச்சு."

"பாக், இது கேம் இல்ல. இது கேம் வீட்டோட கதவு நம்பர். வீடு பழைய கம்ப்யூட்டர்லயே இருக்கு."

பாக் ஆர்.டி. உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தேறிக்கொண்டு, "சரி விடு, அதுக்குப் பதிலா கயிறு இழுக்கிற போட்டி வச்சுக்கலாம். ஆளும் நிறையச் சேரும்" என்றார்.

அப்போது காங் ராஸ்வான் தன் குடும்ப அட்டையை நகலெடுக்க வாசலில் நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தார்.

"ஆமாமா, கயிறு இழுக்கலாம். நான் பொட்டலம் எடுத்துக் குடுக்கறேன். பழக்கந்தானே."

நகலை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். வெனிங் அந்தத் தாளைப் பார்த்தாள், பாக் ஆர்.டி.யைப் பார்த்தாள். "பாக், பதினாறாம் தேதி வரைக்கும் கயித்த எடுக்காதீங்க" என்றாள். அவளாக முன்வந்து எதையும் கேட்டு யாரும் பார்த்ததில்லை. பாக் ஆர்.டி. தலையாட்டினார். ஆறு நாள் இருந்தது.

லிக் தர்கும் ஆற்றங்கரையில் பழைய இரும்பு வாங்குபவர். கணினியின் கூட்டைத் தட்டித் தகடாக்கியிருந்தார். ஆனால் உள்ளே இருந்த டிஸ்கை மட்டும் தனியே ஒரு சாக்கில் போட்டிருந்தார்.

"அதுக்குள்ள நல்ல காந்தம் இருக்கும், நிங். ஒடச்சு எடுக்கணும். இன்னைக்கு ஒடச்சிருப்பேன், சுத்தியல மருமகன் எடுத்துட்டுப் போய்ட்டான்."

"உங்க மருமகன் நல்லா இருக்கட்டும், லிக்."

"அவனா! அவனப் பத்தி நல்லதாச் சொன்ன மொத ஆளு நீதான்." டிஸ்கைக் கையில் எடைபோட்டுப் பார்த்தார். "மானியத்துக்கு எழுதிப் போடணும். குடும்ப அட்டையும் அடையாள அட்டையும் பத்துப் பத்து நகல் குடுப்பியா?"

வெனிங் பன்னிரண்டு பன்னிரண்டு கொடுத்தாள்.

கடைக்கு வந்து டிஸ்கைத் துடைத்து, இணைத்து, காதை அதன் மேல் வைத்தாள். டிக் டிக் என்று அடித்தால் முடிந்தது. சீராக இரைந்தால் உயிர் இருக்கிறது. இரைந்தது. புதிய கணினிக்கும் பழைய டிஸ்குக்கும் வாய் பொருந்தாது. செமாரங் பழுதுகாரர் என்றோ விட்டுப்போன ஒரு சிறு இணைப்புப் பெட்டி வழியாக ஆட்டத்தின் கோப்புகள் அத்தனையையும் எடுத்தாள். மூன்று இடத்தில் நகல் வைத்தாள். பிறகு மடிக்கணினியில் அதைத் தட்டினாள்.

செய்திப் பெட்டி எழுந்தது. சுட்டியிலிருந்து கை விலகியது. தாளை உருவினாள்.

இந்தச் செய்தி அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். டின்னில் பதினோரு தாள்களில் இருந்தது. கீழே பச்சை மையில் அவளுடைய கையெழுத்து: "பழைய ஆட்கள் பேசும் பேச்சைப் புதிய கணினி மறந்துவிட்டது. திட்டிப் பயனில்லை. உள்ளே ஒரு பழைய கணினி கட்டு." பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்று அவளிடம் உண்டு. அதை மடிக்கணினிக்குள் வைத்தாள். அதற்குள் ஆட்டத்தை வைத்தாள். கறுப்புத் திரை வந்தது, பச்சை வண்டி வந்தது, பாசார் வாகே வந்தது.

வண்டி அம்பு போலப் பறந்தது. கீரைக்காரி கை காட்டுவதற்குள் நண்பகல் முரசு, அவள் கூடையைத் தூக்குவதற்குள் மாலை முரசு. பத்து நொடியில் ஒரு நாள் முடிந்துவிட்டது.

வெனிங் பதாமுக்குத் தொலைபேசியில் பேசினாள். தெகூ முதலில் நம்பவில்லை. பிறகு சிரித்தான், பிறகு மன்னிப்புக் கேட்டான்.

"ம்பா, அப்ப எனக்கு அவ்வளவுதான் தெரியும். மெஷின் எவ்வளவு வேகமோ கேமும் அவ்வளவு வேகம். கடிகாரத்தப் பாத்து ஓட்டணும்னு தோணவே இல்ல. சரியான வேகம் எவ்வளவுன்னா எனக்கே தெரியாது. எங்கிட்ட ஒரு காப்பி கூட இல்ல, பாத்துக்க."

வேகத்தைக் குறைக்க முடியும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒரு படி குறையும், வேறு இரண்டை அழுத்தினால் ஒரு படி கூடும். எத்தனை படி என்பதுதான் கேள்வி. வெனிங் காங் ராஸ்வானைக் கூப்பிட்டாள். அவருடைய கைக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

அவர் வந்து, ஊன்றுகோலை நகல் இயந்திரத்தின் மேல் சாய்த்துவிட்டு, விரல்களைச் சொடுக்கினார். முதல் வேகத்தில் "அய்யய்யோ, இது விமானம்" என்றார். அவள் குறைத்தாள். "இது ஆம்புலன்ஸ்." மறுபடி குறைத்தாள். இன்னும் குறைத்தாள். ஒரு வேகத்தில் முப்பத்தொன்பது பேரை இறக்கினார். யூ துமிராவின் சாதனையே முப்பத்துநான்குதான்.

"இதேதான், நிங். அச்சு அசல் இதேதான். இனிமே தொடாத."

சொல்லும்போது தரையைப் பார்த்தார். வெனிங் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சரி" என்றார் காங் ராஸ்வான் கடைசியில். "கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு. பதினோரு வருசமா ரெண்டாவது வந்தவனுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கத்தான் செய்யும்."

இதற்குள் சேதி தெருவில் பரவிவிட்டது. மறுநாள் யூ துமிரா கரண்டியோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"என்னடி நிங், இந்த நொண்டிக்கு ஏத்த மாதிரி மெஷின வளைக்கிறியாமே?"

"நொண்டி இறக்குற ஆளுங்கள எண்ணிப் பாரு, யூ" என்றார் உள்ளேயிருந்து காங் ராஸ்வான்.

"எண்ணாம என்ன? வருசா வருசம் எனக்கு அப்புறந்தானே எண்றாங்க. சொல்லுடி, இதுதான் பழைய வேகம்னு யாரு சாட்சி?"

வெனிங்கின் முகம் சிவந்தது. ஆட்கள் கூடிவிட்டால் அவளுக்குக் குரல் எழும்பாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடமாக மன்றத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்று அந்தப் போட்டியைப் பார்த்தவள் அவள். மற்றவர்கள் திரையைப் பார்த்தார்கள். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"நீங்கதான் சாட்சி, யூ."

"நானா?"

"போட்டியன்னைக்கு ஜன்னலுக்கு வெளிய அடுப்பு வச்சு நீங்கதான் பொரிப்பீங்க. ஒரு ஆளு ஆட ஒக்காந்ததும் ஒரு சட்டி போடுவீங்க. மத்தியான முரசு கேட்டதும் திருப்பிப் போடுவீங்க. சாயங்கால முரசு கேட்டதும் எடுப்பீங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரு சட்டி. ஒரு நாளாச்சும் கருகினதில்ல, வேகாம எடுத்ததும் இல்ல."

யூ துமிரா கையிலிருந்த கரண்டியைத் திருப்பிப் பார்த்தாள். தான் அப்படிச் செய்ததே அவளுக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது.

"அட ஆமா" என்றாள் மெதுவாக. "மணி பாத்து நான் என்னைக்குப் பொரிச்சேன்?"

அன்று மாலையே மன்றத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அதே இடத்தில் அதே மண்ணெண்ணெய் அடுப்பு, அதே சட்டி, ஒரு சட்டிக்கு ஐந்து துண்டு. யூ துமிரா திரைக்கு முதுகைக் காட்டி நின்றாள். கணினியின் ஒலியை வெனிங் அணைத்துவிட்டாள். சட்டியில் தெம்பே விழுந்த சத்தம் கேட்டதும் காங் ராஸ்வான் வண்டியை எடுத்தார். திருப்பும்போது "திருப்பிட்டேன்!" என்றும், எடுக்கும்போது "எடுத்துட்டேன்!" என்றும் அவள் கத்த வேண்டும்.

முதல் சட்டியில் அவள் "எடுத்துட்டேன்" என்றபோது திரையில் சூரியன் இன்னும் மலைக்கு மேலே ஒரு முழம் இருந்தது. வெனிங் வேகத்தைக் கூட்டினாள். இரண்டாவது சட்டியில் சூரியன் முந்திக்கொண்டது. ஒரு படி குறைத்தாள். மூன்றாவதில் "திருப்பிட்டேன்" என்ற குரலும் நண்பகலும் ஒன்றாக வந்தன. வண்டி கடைசி வளைவில் திரும்பியது. சூரியன் மலையைத் தொட்டது, மறைந்தது.

"எடுத்துட்டேன்!"

பாக் ஆர்.டி. கைதட்டினார். வெனிங் இன்னும் இரண்டு சட்டி போடச் சொன்னாள். ஒருமுறை சேர்ந்தால் தற்செயலாக இருக்கலாம் என்றாள். இரண்டும் சேர்ந்தன. காங் ராஸ்வான் இந்த வேகத்தில் முப்பத்தொரு பேரை இறக்கியிருந்தார். ஒரு மெந்தோவானை எடுத்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தலையாட்டினார்.

"இதான். இப்பத்தான் பழையபடி கை வலிக்குது."

வெனிங் படியின் எண்ணைத் தாளில் எழுதினாள். பச்சை மையில்: "ஆங்கோட் ஆட்டம். வேகம் யூ துமிராவின் சட்டிப்படி."

பதினேழாம் தேதி பதினான்கு பேர் போட்டியிட்டார்கள். யூ துமிரா ஆடியபோது மட்டும் அடுப்பைப் பாக் ஆர்.டி.யின் மனைவி பார்த்துக்கொண்டாள். அந்த ஒரு சட்டி கருகிப்போனது. யூ துமிரா முப்பத்துமூன்று பேரை இறக்கினாள். கடைசியாக உட்கார்ந்தார் காங் ராஸ்வான். பாதி வழியில் கீரைக்காரியை ஏற்றாமல் விட்டிருந்தால் அந்த இரண்டு இடத்தில் மூன்று பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியிருக்கலாம். ஜன்னலிலிருந்து எல்லோரும் "விட்டுடுங்க காங், விட்டுடுங்க!" என்று கத்தினார்கள். அவர் நிறுத்தி அவளை ஏற்றிக்கொண்டார். முப்பத்திரண்டு.

"ஏன் ராஸ்வான் அவள ஏத்தின? கம்ப்யூட்டர் கீரைக்காரி, உனக்கு என்ன கீரையா குடுக்கப் போறா?" என்று யூ துமிரா சிரித்தாள்.

"பதினெட்டு வருசத்துல ரோட்டுல நின்ன ஒருத்தர விட்டுட்டுப் போனதில்ல, யூ. இப்பப் போய்ப் பழகிக்கச் சொல்றியா?" என்றார். பலகையில் இரண்டாவது வரியில் தன் பெயர் எழுதப்படுவதை, சுண்ணக்கட்டி கடைசி எழுத்தை முடிக்கும் வரை, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த வருடம் பாருங்கள் என்று கூடத்துக்கே சவால் விட்டார்.

வெனிங் பின்சுவரில் சாய்ந்து நின்றாள். பாக் ஆர்.டி. ஒலிபெருக்கியில் அவளுடைய பெயரைச் சொன்னபோது அங்கே ஆள் இல்லை. மடிக்கணினியின் வயரைச் சுற்றி எடுத்துவைக்கப் போயிருந்தாள்.

ஆட்டம் இப்போதும் மன்றத்தின் மடிக்கணினியில் இருக்கிறது. ஒரு நகல் வெனிங்கின் கடையிலும், ஒன்று பதாமில் தெகூவிடமும் இருக்கின்றன. பாக் ஆர்.டி. எதையாவது நகலெடுப்பதானால் முதலில் வெனிங்கிடம் காட்டிவிட்டுச் செய்கிறார். யூ துமிராதான் இன்னும் முதலிடம். காங் ராஸ்வான் இன்னும் இரண்டாமிடம். வெனிங்கிடம் ஆறு பிஸ்கட் டின்கள் நிறைந்துவிட்டன, ஏழாவது பாதி வரை வந்திருக்கிறது.